புற்றுக்குள் ஒரு விவசாயம்!
இடி மழைக்குப் பின் எட்டிப்பார்க்கும் புற்றுக்காளான்... எங்கு வளரும், எப்படி அறிவது, எதைச் செய்யக் கூடாது?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இந்த இரண்டு மழைக்கும் நடுவிலும் பின்னாலும் நாஞ்சில் நாட்டு வரப்புகளிலும் தோப்புகளிலும், ஒரு நாள் காலையில் திடீரென்று வெள்ளை வெள்ளையாகக் குடைகள் விரிந்து நிற்கும். முந்தைய நாள் மாலை அங்கே ஒன்றுமே இருந்திருக்காது. மறுநாள் மதியத்துக்குள் அழுகிப் புழுவும் வைத்துவிடும். இடையில் இருப்பது ஒரு காலைப்பொழுதுதான். அதைக் கண்டவர்கள் பாக்கியவான்கள்.

அதுதான் புற்றுக்காளான். கரையான் காளான் என்றும் சொல்வார்கள். மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் 'கூண்' என்பார்கள். சங்க காலத்தில் இதற்கு 'ஆம்பி' என்று பெயர். சிறுபாணாற்றுப்படையில் 'காளாம்பி' என்றே வருகிறது. பெயர் எதுவானாலும், கறிக்கு இணையான ருசி என்று கொண்டாடப்படும் இந்தக் காளானை இன்றுவரை எந்தப் பண்ணையிலும் வணிக அளவில் வளர்க்க முடியவில்லை. இதை வளர்க்கத் தெரிந்த 'விவசாயி' உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கரையான்!

கிழக்கே மயிலாடி, மேற்கே மலை

கல் சிற்பங்களுக்குப் பெயர்போன மயிலாடி, நாஞ்சில் நாட்டின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. பக்கத்திலேயே மருந்துவாழ்மலை. தென்னை, வாழை, பனை, நெல் வயல், இடையிடையே பாறைப்பாங்கான மேட்டு நிலம் என்று கலவையான பூமி. மேற்கே பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைப்பகுதிகளில் பெய்யும் அளவுக்கு இங்கே மழை கிடையாது. அதனால், மலையடிவாரக் காடுகளில் கிடைக்கும் அளவுக்குக் காளானும் இங்கே கிடைக்காது. ஆனாலும், புற்று இருக்கும் இடத்தில் புற்றுக்காளானுக்கு வாய்ப்பு உண்டு. அதற்கு அடர்ந்த காடுதான் வேண்டும் என்பதில்லை. உழவு படாத வரப்பு, பழைய தோப்பின் ஓரம், ஆலமரத்தடி, கோயில் காவு, பனங்காடு, மேய்ச்சல் நிலம் இவையே போதும்.

பார்க்க வேண்டியது மண்ணுக்கு மேலே தெரியும் பெரிய புற்றை மட்டுமல்ல. பல கரையான் கூடுகள் தரைக்கு அடியிலேயே இருக்கும். மேலே லேசான மேடுகூடத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்திலும் காளான் வரும். ஒரு முறை வந்த இடத்தில், கூடு உயிரோடு இருக்கும்வரை மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் கிராமங்களில் காளான் வரும் இடத்தை ரகசியமாக வைத்திருப்பார்கள். சொந்தக்காரருக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

மலைப்பகுதியில் வசிக்கும் காணி மக்களுக்குக் காட்டுக் காளான் பற்றிய அறிவு தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து. எந்த மழைக்கு எந்தக் காளான், எது குழம்புக்கு, எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்களிடம் வாய்வழியாகவே இருக்கிறது. மற்றவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்த மாவட்டத்தின் மலைக்காடுகளில் சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்பு வனவிலங்கு சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே போய்க் காளான் உட்பட எதைச் சேகரித்தாலும் சட்டச் சிக்கல் வரும். நம் தோட்டத்துப் புற்றைப் பார்த்துக்கொண்டாலே போதும்.

கரையான் செய்யும் சாகுபடி

'கரையான் மரத்தைத் தின்கிறது' என்று நாம் சொல்கிறோம். உண்மையில், காய்ந்த மரத்தையும் சருகையும் முழுமையாகச் செரிக்கும் சக்தி எல்லாக் கரையானுக்கும் கிடையாது. மரத்தைக் கெட்டியாக வைத்திருக்கும் 'லிக்னின்' என்ற பொருளை உடைப்பது எளிதல்ல. இதற்கு ஒரு கரையான் கூட்டம் கண்டுபிடித்த வழிதான் காளான் விவசாயம்.

வேலைக்காரக் கரையான்கள் வெளியே போய்க் காய்ந்த புல், சருகு, சுள்ளி ஆகியவற்றைக் கடித்து விழுங்கிக்கொண்டு வருகின்றன. கூட்டுக்குள் வந்ததும் அதை அரைகுறையாகச் செரித்த நிலையில் எச்சமாக வெளியேற்றி, மேலே மேலே ஒட்டி, பஞ்சு போன்ற ஓர் அடையைக் கட்டுகின்றன. தேனடை மாதிரி மடிப்பு மடிப்பாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். பழைய புற்றை வெட்டியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இந்த அடைதான் கரையானின் வயல்!

விழுங்கிய உணவோடு காளானின் வித்தும் கரையான் வயிற்றின் வழியாக வந்து அடையில் விதைக்கப்பட்டுவிடுகிறது. சில நாள்களில் அடை முழுக்கப் பூஞ்சை இழை பரவும். அது லிக்னினை உடைத்து, சருகைச் சத்துள்ள உணவாக மாற்றும். அடையின் மேல் குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் தோன்றும். அந்த உருண்டைகளைக் கரையான்கள் தின்கின்றன. பூஞ்சை பதப்படுத்தி முடித்த பழைய அடையையும் கீழிருந்து தின்றுகொண்டே வருகின்றன. மேலே புதிய அடையைக் கட்டிக்கொண்டே போகின்றன. மட்க வைத்தல், விதைத்தல், களை எடுத்தல், அறுவடை என்று எல்லா வேலையும் அங்கே நடக்கிறது. வேறு பூஞ்சை தலைகாட்டினால் அதை அகற்றுவதும் கரையான்களின் வேலை. கரையான்கள் கைவிட்ட கூட்டில் சில நாள்களிலேயே வேறு பூஞ்சைகள் அடையை ஆக்கிரமித்துவிடும்.

உலகில் சுமார் 330 வகைக் கரையான்கள் இப்படிக் காளான் வளர்க்கின்றன. நம் பகுதியில் புற்று கட்டும் ஒடன்டோடெர்மிஸ் இனக் கரையான்களும் இதில் அடக்கம். இந்தக் கூட்டணி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கக் காடுகளில் தொடங்கியது என்பது ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. மனிதன் விவசாயம் பழகிச் சுமார் பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது!

இந்தக் காளான் குடும்பத்துக்கு 'டெர்மிட்டோமைசிஸ்' என்று 1942-ல் பெயர் வைத்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி ரோஜர் ஹெய்ம். இதில் ஒரு வகையை, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே.நடராஜன் 1979-ல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ரோஜர் ஹெய்மை நினைவுகூர்ந்து அதற்கு 'டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி' என்று பெயர். ஆப்பிரிக்காவின் ஜாம்பியா நாட்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காளானின் குடை ஒரு மீட்டர் அகலம்வரை விரியும். அதே குடும்பத்தில், நம்மூரில் வரும் அரிசிக்காளானின் குடை ஒரு ரூபாய் நாணயம் அளவுதான்.

ஈசலும் காளானும்

முதல் மழை விழுந்ததும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். இறக்கை முளைத்த இளம் ராஜாக்களும் ராணிகளும்தான் ஈசல்கள். இவை ஜோடி சேர்ந்து, இறக்கையை உதிர்த்து, மண்ணுக்குள் புகுந்து புதுக் குடித்தனம் தொடங்குகின்றன. ஆனால், பெரும்பாலான வகைகளில் இந்தப் புதுத் தம்பதி தாய்வீட்டிலிருந்து காளான் விதையைக் கொண்டு போவதில்லை. வெறுங்கையோடுதான் போகின்றன.

சில வாரங்கள் கழித்து, புதுக்கூட்டின் முதல் வேலைக்காரக் கரையான்கள் இரை தேடி வெளியே வரும். கிட்டத்தட்ட அதே காலத்தில் பழைய புற்றுகளின் மேல் காளான் குடை விரிக்கும். விரிந்த குடையின் அடியிலிருந்து கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் பறந்து சருகுகளின் மேல் படியும். அந்தச் சருகைப் புதுக் கரையான்கள் எடுத்துப் போகும்போது வித்தும் கூடவே போகும். புதுக்கூட்டில் வயல் உருவாகும்.

இதிலிருந்து நாம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மொட்டாக இருக்கும்போதே அத்தனையையும் பறித்துவிட்டால் அந்த இடத்தில் வித்து பறக்காது. வித்து இல்லாவிட்டால் அக்கம் பக்கத்தில் உருவாகும் புதுக் கூடுகளுக்குக் காளான் கிடைப்பது கடினம். இன்றைய குழம்புக்காக, பேரப்பிள்ளைகளின் குழம்பை அழித்த கதையாகிவிடும்.

கோவாவில் இதே சிக்கல் வந்திருக்கிறது. அங்கே புற்றுக்காளானுக்கு 'ரோன் ஓல்மி' என்று பெயர். மழைக்காலத்தில் சாலையோரம் இலையில் வைத்து, எண்ணிக்கைக் கணக்கில் விற்பார்கள். நல்ல விலை கிடைப்பதால் காட்டில் மொட்டுகளைக்கூட விடாமல் பறிக்கிறார்கள். 'இப்படிப் போனால் காளானும் போகும், கரையானும் போகும்; காட்டில் சருகை மட்க வைக்க ஆளிருக்காது' என்ற எச்சரிக்கையை கோவா பல்கலைக்கழகத்தின் நந்தகுமார் காமத் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார். வனத்துறையும் அங்கே மக்களை எச்சரித்திருக்கிறது.

புற்றை இடிக்கலாமா?

மயிலாடி, தோவாளை, அஞ்சுகிராமம் பக்கம் நிலம் வீட்டுமனையாகிறது. தோப்பைச் சீர்படுத்தும்போது ஜே.சி.பி வந்ததும் முதலில் விழுவது புற்றுதான். அது போக, 'கரையான் தென்னங்கன்றைத் தின்றுவிடும்' என்ற பயத்தில் புற்றில் பூச்சிக்கொல்லி ஊற்றுபவர்களும் உண்டு.

பயத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது. நட்ட புதிதில் தென்னங்கன்றையும், கோடையில் கரும்புக் கரணையையும் கரையான் தாக்கும். ஆனால், தோப்பில் இருக்கிற எல்லாப் புற்றும் எதிரி அல்ல. கரையான் முதலில் தேடுவது காய்ந்த, செத்த பொருளைத்தான். தரையில் சருகும் மட்டையும் மூடாக்காகக் கிடந்து, ஈரமும் இருந்தால், பச்சைக் கன்றின் பக்கம் அது வருவது குறையும். வெறும் தரையாகக் கூட்டிப்பெருக்கி, காயவிட்ட தோட்டத்தில்தான் தொல்லை அதிகம்.

புற்று செய்யும் நன்மைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். கரையான்கள் அடிமண்ணை மேலே கொண்டு வருகின்றன. அவை குடையும் சந்துகள் வழியாக மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மேட்டாங்காட்டில் ஒரு மழை பெய்தால் ஓடிப்போகிற தண்ணீரைப் பிடித்து வைக்க இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது. புற்றுமண்ணைக் களம் மெழுகவும், அடுப்புப் போடவும், வைத்தியத்துக்கும் பயன்படுத்திய ஊர் நம்முடையது. மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் அம்மன் குடியிருப்பதே புற்றில்தான். புற்றைக் கும்பிட்டு விட்டுவைத்த பழக்கத்தால் பல காவுகளில் இன்றும் காளான் வருகிறது.

கன்றுகளைக் காப்பாற்ற, புற்றை அழிக்காமலே வழி உண்டு. கரையான் தாக்கும் இளம் தென்னையின் அடிப்பகுதியில் 5 சதவிகித வேப்பெண்ணெய்க் கரைசலையோ, 20 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலையோ பூசலாம் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் ஒன்று. நடவுக்குழியில் மட்காத தொழுவுரத்தைப் போடாமல் இருப்பதும் முக்கியம். அரைகுறை எரு கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. வீட்டுச் சுவரையோ, கன்று நிற்கும் குழியையோ ஒட்டிப் புற்று இருந்தால் அதை அகற்றுவதில் தவறில்லை. வரப்பிலும் வேலியோரத்திலும் இருப்பதை விட்டுவிடலாம்.

பூச்சிக்கொல்லி ஊற்றிய புற்றில் பிறகு காளான் வந்தால் அதைத் தொடக்கூடாது. காளான் தன் சுற்றுப்புறத்தில் இருக்கும் நச்சை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. சாலையோரம், குப்பைமேடு, ஆலைக்கழிவு விழும் இடம் ஆகியவற்றில் முளைத்ததும் அப்படித்தான்.

எப்படி அடையாளம் காண்பது?

புற்றுக்காளானின் முக்கிய அடையாளங்கள் இவை.

1. வேர் போன்ற நீளமான அடித்தண்டு. மேலே தெரியும் தண்டு மண்ணுக்குள் மெலிந்துகொண்டே போய், கரையான் அடையில் முடியும். சில நேரம் ஒரு முழத்துக்கு மேல்கூட இருக்கும். அடியில் கிண்ணம் போன்ற உறையோ, முட்டை ஓடு போன்ற பையோ இருக்காது.

2. குடையின் நடுவே கூரான அல்லது மேடான முனை. மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவதற்கான ஏற்பாடு இது. அந்த முனை பெரும்பாலும் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும்.

3. குடையின் அடியில் உள்ள மடல்கள் தண்டைத் தொடாமல் விலகி நிற்கும். முதலில் வெள்ளையாக இருந்து, முற்றும்போது லேசான இளஞ்சிவப்பு கலந்த நிறத்துக்கு மாறும். பச்சையாக மாறாது.

4. வித்தின் நிறம் வெளிர் இளஞ்சிவப்பு. விரிந்த குடையைத் தண்டு நீக்கி, பாதி வெள்ளைத்தாள், பாதி கறுப்புத்தாள் மேல் கவிழ்த்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க வைத்தால் தாளில் வித்து படியும்.

அரிசிக்காளான் மட்டும் சற்று வேறு. கரையான்கள் அடைத் துண்டுகளைத் தரைக்கு மேல் கொண்டுவந்து போடும் இடத்தில், நூற்றுக்கணக்கில், அரிசி இறைத்த மாதிரி முளைக்கும். இதற்கு நீண்ட அடித்தண்டு இருக்காது.

இவற்றில் ஏதோ ஒன்று பொருந்துகிறது என்பதற்காகப் பறித்துச் சாப்பிட்டுவிடக் கூடாது. இளஞ்சிவப்பு வித்துள்ள நச்சுக் காளான்களும் உண்டு. இந்தக் கட்டுரையையோ, செல்போனில் வரும் படத்தையோ மட்டும் நம்பி எந்தக் காட்டுக் காளானையும் சமைக்காதீர்கள். பல ஆண்டுகள் பறித்து, சமைத்து, சாப்பிட்டுப் பழகிய பெரியவர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரே சந்தேகப்பட்டால், கூடையோடு கொட்டிவிடுவதுதான் சரி.

உயிரைக் குடிக்கும் காளான்கள்

அசாம் மாநிலத்தில் 2022 ஏப்ரலில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் சில நாள்களுக்குள் இறந்துபோனார்கள். பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தினர். குழந்தைகளும் இருந்தார்கள். காளான் அவர்களுக்குப் புதிது அல்ல. பறித்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள்தான்.

நம் பக்கம் புற்றுக்காளானோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது, மாட்டுத்தொழுவத்தின் அருகிலும் புல்தரையிலும் தென்னந்தோப்பிலும் வரும் பெரிய வெள்ளைக் குடை. மேலே பழுப்புச் செதில்கள் இருக்கும், தண்டில் ஒரு வளையம் இருக்கும், முற்றும்போது மடல்கள் பச்சை கலந்த சாம்பல் நிறமாகும், வித்தும் பச்சை. 'குளோரோஃபில்லம்' என்பது இதன் பெயர். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இதைவிடக் கொடியது 'அமானிட்டா' இனத்தின் சில வகைகள். இவற்றின் அடியில் முட்டை ஓடு உடைந்த மாதிரி ஓர் உறை மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலாகக் கிள்ளிப் பறித்தால் அது மண்ணிலேயே தங்கிவிடும்; அடையாளமும் அதோடு போய்விடும். இந்த நஞ்சு உடனே வேலை செய்யாது. 6 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு ஒரு நாள் தேறின மாதிரி இருக்கும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் அந்த நேரத்தில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சமைப்பதாலோ, காயவைப்பதாலோ, ஊறவைப்பதாலோ இந்த நஞ்சு போகாது.

காளான் சாப்பிட்டபின் வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் என்று எது வந்தாலும் கை வைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தக்கூடாது. உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து, அருகில் உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சமைக்காமல் மீந்த காளானையோ, மீதிக் குழம்பையோ ஒரு காகிதப் பையில் எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும். சாப்பிட்ட எல்லோரையும், நன்றாக இருப்பவர்களையும் சேர்த்தே, அழைத்துப் போக வேண்டும்.

பறிக்கும்போது கவனிக்க...

நல்ல காளான் என்பது உறுதியான பிறகு, பறிப்பதிலும் ஒழுங்கு உண்டு. மண்வெட்டி, கடப்பாரை கூடாது. அடித்தண்டைத் தொடர்ந்து தோண்டினால் கரையானின் அடை சிதையும். அடுத்த ஆண்டுக் காளான் அதோடு முடிந்தது. அடையாளம் பார்ப்பதற்காக ஓரத்தில் ஒன்றை மட்டும் மெதுவாக மண்ணை விலக்கி எடுத்துப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் தரைமட்டத்தில் கத்தியால் அறுத்தால் போதும். மூன்றில் ஒரு பங்கையாவது விட்டுவைக்க வேண்டும். முழுதாக விரிந்தவற்றைத் தொடாமல் விட்டால் வித்து பறக்கும். எப்படியும் அவற்றில் புழு இருக்கும், ருசியும் குறைவு.

பறித்ததை பாலித்தீன் பையில் அடைக்காமல், ஓலைக்கூடையிலோ, வாழை இலையிலோ எடுத்து வர வேண்டும். அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். பச்சையாகச் சாப்பிடக் கூடாது. முதல் முறை சாப்பிடுபவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சிலருக்கு நல்ல காளானும் ஒத்துக்கொள்ளாது.

குமரி மாவட்டத்தில் இதற்கு ஏற்ற சமையல் தீயல்தான். தண்டின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கையால் கிழித்துக்கொள்ள வேண்டும். துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், மிளகாய் வற்றல், கொத்தமல்லி, கொஞ்சம் மிளகு ஆகியவற்றைப் பொன்முறுவலாக வறுத்து, மை போல அரைக்க வேண்டும். தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு காளானை வதக்கினால் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரிலேயே வேகவைத்து, புளிக்கரைசலும் அரைத்த விழுதும் சேர்த்து எண்ணெய் மிதக்கும்வரை கொதிக்கவிட்டால் தீயல் தயார். அரிசிக்காளான் என்றால் தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் ஒதுக்கித் துவரன் வைக்கலாம்.

வருமானம் வேண்டுமென்றால் பால்காளான்!

புற்றுக்காளானை நம்பி வருமானக் கணக்குப் போட முடியாது. அது எப்போதாவது கிடைக்கும் வரம். காளானில் காசு பார்க்க நினைக்கும் குடும்பங்களுக்கு, நாஞ்சில் நாட்டு வெப்பத்துக்கு ஏற்றது பால்காளான். மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டு 1974-ல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்தக் காட்டுக் காளானை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் 'ஏ.பி.கே-2' என்ற ரகமாக வெளியிட்டது. அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பு அது. ஒரு காட்டுக் காளான், விவசாயியின் பயிராக மாறியதற்கு நம் கண்முன் இருக்கும் உதாரணம்.

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போக நெல் விளையும் பகுதியில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வைக்கோலை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 4-5 மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டாத பதத்தில் உலர்த்தி, பாலித்தீன் பைகளில் வைக்கோல் ஒரு அடுக்கு, காளான் வித்து ஒரு அடுக்கு என நிரப்ப வேண்டும். இரண்டு வாரத்தில் இருந்து மூன்று வாரத்துக்குள் பை முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பரவிவிடும். பையை இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த தோட்டமண்ணை மேலே 2 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்துவர, 8-10 நாளில் மொட்டு விடும். அடுத்த ஒரு வாரத்தில் அறுவடை.

30 முதல் 35 டிகிரி வெப்பமும் 80 சதவிகிதத்துக்கு மேல் ஈரப்பதமும் இதற்குத் தேவை. தரைக்குக் கீழே 3 அடி பள்ளம் எடுத்து, மேலே நீல நிறப் பாலித்தீன் ஷீட் போட்ட குடில் போதும். அறுத்த பிறகு நாலைந்து நாள் கெடாமல் இருப்பது, வியாபாரத்துக்குப் பெரிய வசதி. மயிலாடிக்கு அருகிலேயே திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வித்துக்கும் பயிற்சிக்கும் அங்கே விசாரிக்கலாம்.

வாசகர் கேள்விகள்

'காளானைக் கொதிக்கவைக்கும்போது வெள்ளிக்காசு, பூண்டு, அரிசி போட்டு, நிறம் மாறாவிட்டால் நல்ல காளான் என்கிறார்களே... உண்மையா?'

இல்லை. கொடிய நச்சுக் காளானிலும் காசு கறுக்காது. இந்தச் சோதனையை நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு. 'பூச்சி, நத்தை தின்ற காளான் மனிதருக்கும் ஆகும்', 'மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும்' என்பவையும் தவறு.

'புற்றுக்காளான் வித்து விற்பனைக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?'

வாங்காதீர்கள். ஆய்வகத்தில் இதன் பூஞ்சை இழையை வளர்க்க முடிகிறது. ஆனால், கரையான் இல்லாமல் பண்ணையில் மகசூல் எடுக்கும் தொழில்நுட்பம் விவசாயிகளின் கைக்கு வரவில்லை. அந்தப் பெயரில் வேறு காளானின் வித்தைக் கொடுத்துப் பணம் பறிக்க வாய்ப்பிருக்கிறது.

'எங்கள் தோப்பில் முன்பு காளான் வரும். சில ஆண்டுகளாக வரவில்லை. என்ன செய்யலாம்?'

முதலில் புற்று உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். புற்றின் ஓரத்தில் ஒரு சிறு ஓட்டை போட்டால், உயிருள்ள புற்றில் ஓரிரு நாளில் ஈரமண்ணால் அடைத்துவிடும். உயிரோடு இருந்தால், சுற்றிலும் 10 அடிக்கு உழவு, களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, தீ வைத்தல் எதுவும் வேண்டாம். சருகை அப்படியே கிடக்கவிடுங்கள். மழை நன்றாக அமையும் ஆண்டில் திரும்ப வர வாய்ப்புண்டு. வந்தால், முதல் ஆண்டு பறிக்காமல் விட்டுவிடுங்கள்.

'கோயில் புற்றில் வரும் காளானைச் சாப்பிடலாமா?'

அது ஊர் வழக்கத்தைப் பொறுத்தது. மஞ்சள், குங்குமம், எண்ணெய் கொட்டும் புற்றில் முளைத்ததைத் தவிர்ப்பது உடம்புக்கும் நல்லது. அங்கே விரியும் குடைகள் வித்து பரப்பட்டும். ஊர்த் தோப்புகளில் அமையும் புதுக் கூடுகளுக்கு அது போய்ச்சேரும்.